பத்து சென்டிமீட்டர் தண்ணீர்

ஆள் போனது தெரிந்து அரை மணி நேரம் ஆகியும் மெஷின் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. கல்பகம் ஆட்டோவிலிருந்து இறங்கி, வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்தபோது முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். ஒரு நிமிஷம், பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ உளறிவிட்டார் என்றே நினைத்தாள். மெஷின் ஓடுகிறதென்றால் மனுஷன் தூங்குகிறார் என்றுதானே இந்த வீட்டில் அர்த்தம்.

படுக்கையறையில் ஃபாக்டரி டிஸ்பென்சரி டாக்டர் லட்சுமணன் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அடுத்த தெருதான் அவருக்கு. மகன் உமாசங்கர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். கட்டிலில் அவளுடைய கணவர் பாலசுப்ரமணியன், காலையில் ஏழு மணிக்கு மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து வந்து எப்படிப் படுத்தாரோ அப்படியே கிடந்தார். மூக்கின் மேல் ரப்பர் மாஸ்க். பின்மண்டையைச் சுற்றி நாடா. மாஸ்க்கிலிருந்து ஒரு பெருவிரல் கனத்துக்கு ஹோஸ் புறப்பட்டு, தலைமாட்டு ஸ்டூலில் இருந்த மெஷினில் போய்ச் சேர்ந்தது. அதை நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. நிறுத்தினால் தாங்களே முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

"ஹார்ட்தாம்மா. தூக்கத்துலயே. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டர்.

கல்பகத்துக்கு அழுகை வந்தது. ஆனால் கூடவே, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி என்று ஒரு கேள்வியும் வந்தது, கேள்விதான் முந்திக்கொண்டது. அவள் ஜன்மமே அப்படி. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் இருபது வருஷமாக அசிஸ்டென்ட். எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது, அது ஏன் நிறம் மாறியது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் சாப்பாடு இறங்காது. அவள் குனிந்து, கணவரின் தலையை ஒரு கையால் தூக்கி, நாடாவைக் கழற்றி, மாஸ்க்கை எடுத்தாள். மூக்கின் இருபுறமும் ரப்பர் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அந்தத் தடத்தைப் பார்த்ததும் அதுவரை அடக்கியது உடைந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சுவிட்சை அணைக்கக் குனிந்தபோதுதான் மெஷினின் பித்தளைத் திருகைப் பார்த்தாள். திருகின் மேல் போட்டிருந்த சிவப்புக் கோடு உடைந்திருந்தது.

அழுகை நின்றுவிட்டது. "இத யாரு திருகினது?" என்று கேட்டாள். உமாசங்கர் தரையைப் பார்த்தான்.

அந்தச் சிவப்புக் கோட்டின் கதையைச் சொன்னால்தான் அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது விளங்கும்.

பாலசுப்ரமணியன் விடும் குறட்டை சிகந்தராபாத்தில் அவர்கள் இருந்த லோத்குண்டா காலனி முழுக்கப் பிரசித்தம். எதிர்வீட்டுக் குழந்தை அதைக் கேட்டுத்தான் தூங்கும் என்று கேலி பேசுவார்கள். கேலிக்கு நடுவில் இருந்த பயம் கல்பகத்துக்குத்தான் தெரியும். குறட்டை சட்டென்று நிற்கும். மூச்சும் நிற்கும். அவள் மனசுக்குள் இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பாள். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. பகலில் நின்றுகொண்டே தூங்குவார். ஒருமுறை ஸ்கூட்டரில் சிக்னலில் நின்றபடி தூங்கி, போலீஸ்காரர் வந்து தட்டி எழுப்பினார். ஊரிலிருந்த ஒரு நெஞ்சு டாக்டர்தான், தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது, வெளிநாட்டில் இதற்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது, மூக்கு வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும் என்று சொன்னார். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். மூச்சை எப்படித் தண்ணீரால் அளப்பது என்று கல்பகம் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் லேபிலிருந்து ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையில் தானே ஊதிப் பார்த்தாள். மறுபக்கம் தண்ணீர் ஏறியது. அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

எண்பத்தேழில் அமெரிக்காவிலிருந்து அவளுடைய சித்தப்பா மகன் அந்த மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். வந்த அன்றே அது செத்தது. பாலசுப்ரமணியன் டியூட்டியில் இருந்தபோது அவருடைய அண்ணன் ரகுநாதன், மல்காஜ்கிரியிலிருந்து பார்க்க வந்தவர், சும்மா இருக்கமாட்டாமல் பிளக்கைச் சொருகிவிட்டார். அமெரிக்க மோட்டாருக்கு நம்மூர் கரண்ட் ஆகுமா? ஒரு புகை, ஒரு நாற்றம், கதை முடிந்தது. ரகுநாதன் இன்றுவரை அது முன்பே கெட்டுப்போய்த்தான் வந்தது என்று சாதிக்கிறார்.

பிறகு வேதாசலம் வந்தார். பாலசுப்ரமணியனோடு அதே மத்திய அரசுத் தொழிற்சாலையில் அதே இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் இருந்து, வேலையை விட்டுவிட்டு நாச்சாரத்தில் சின்னதாகக் காற்று ஊதும் ப்ளோயர் பட்டறை போட்டவர். தாத்தா காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். பேசும் தமிழுக்கு நடுநடுவே உருது வந்து விழும். இரண்டு பேருமாகச் சேர்ந்து புது மோட்டார் வைத்து, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் பித்தளையில் ஒரு திருகு கடைந்து பொருத்தினார்கள். உள்ளே திருகினால் அழுத்தம் ஏறும், வெளியே திருகினால் இறங்கும்.

அளவு வைப்பதற்கு ஃபாக்டரியில் ஒரு முறை உண்டு. எந்தக் கருவியாக இருந்தாலும் அளவு வைப்பவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. கருவியைத் தொடுவதற்கு முன்னால் அது எந்த நிலையில் இருந்தது என்று முதலில் எழுத வேண்டும். அதற்குப் பெயர் ஆஸ் ஃபவுண்ட். வேலை முடிந்தபின் எந்த நிலையில் விட்டோம் என்பது ஆஸ் லெஃப்ட். கடைசியில் திருகின் மேலும் அது உட்காரும் வளையத்தின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. யாராவது பிறகு தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாலசுப்ரமணியன் இந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜெனரல் பஜாரில் போய் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக இப்படி ஒரு சாமான் வாங்கியிருக்கிறாரே என்று கல்பகம் உள்ளூரப் பூரித்துப்போனாள். மெஷினுக்கு என்று தெரிந்ததும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு இந்தச் சடங்கு நடக்கும். தலைமாட்டுச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் குழாயை ஆணியடித்து மாட்டியிருந்தார். உள்ளே சிவப்பு இங்க் கலந்த தண்ணீர், பின்னால் அளவு எழுதிய அட்டை, பத்து என்ற இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப். மற்ற நாளெல்லாம் அதற்குப் போகும் சின்ன ட்யூபைக் கிளிப் போட்டு மூடி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்துவிட்டு, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுப்பார். முகத்தில் மாட்டிக்கொண்டு பார்த்தால்தான் சரியான அளவு கிடைக்குமாம். குழாய் அவர் தலைக்குப் பின்னால். மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடி போட முடியாது. எனவே கல்பகம்தான் கதவருகே நின்று பார்த்து, ஏத்துங்க, எறக்குங்க, போதும் என்று சொல்ல வேண்டும். அவர் கையைப் பின்னால் நீட்டித் திருகுவார். பிறகு மெஷினில் நாடா கட்டித் தொங்கவிட்ட அட்டையில் அளவு வைத்தவர் பெயர், சரிபார்த்தவர் கையெழுத்து. இரண்டு வருஷத்தில் ஒரு வாரம் தவறியதில்லை.

தவறியது நேற்றுத்தான்.

நேற்று ஞாயிறு. ஒன்பது மணிக்கு டிவியில் அந்தப் புராணத் தொடர். லோத்குண்டாவில் தெருவில் ஒரு நாய் கூட நடமாடாத நேரம். மெஷின் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்கவில்லை என்று அவளுக்கு எரிச்சல். கதவுக்கு நடுவில் நின்றாள், நிஜம்தான். ஆனால் முகம் முழுக்க ஹால் பக்கம். உள்ளேயிருந்து அவர் "எவ்வளவு?" என்று கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் "பத்து, போதும்" என்று சொல்லிவிட்டாள். தொடர் முடிந்த பிறகு போய் அட்டையில் கையெழுத்தும் போட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெயில் பாலிஷ் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார். ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு ஷிஃப்டுக்குப் போனார். திங்கட்கிழமை காலை வந்து படுத்தார். அவள் பார்க்காமல் வைத்த அளவில் அவர் தூங்கிய முதல் தூக்கம் அது.

டாக்டர் புறப்படும்போது கல்பகம் அவரை வாசல்வரை துரத்திக்கொண்டு போய்க் கேட்டாள். அழுத்தம் குறைவாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? டாக்டர் சங்கடத்தோடு அவளைப் பார்த்தார். பாலசுப்ரமணியனுக்கு ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளாக இருந்தது, எடையும் அதிகம், எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார். அவள் விடவில்லை.

"மூச்சு அடைபட்டா ஹார்ட்டுக்கு பாரம் ஏறும்மா. அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப அதப் பத்தி யோசிக்காதீங்க."

யோசிக்காதே என்று கல்பகத்திடம் சொல்வதும் அடுப்பிடம் சுடாதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

பாலசுப்ரமணியனைத் தூக்கி ஹாலில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். காலனிப் பெண்கள் வந்து கல்பகத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். ஆனால் கண் மட்டும் அடிக்கடி அறைப் பக்கம் போயிற்று. ரகுநாதன் வந்து சேர்ந்ததும் காரியங்கள் வேகம் பிடித்தன. நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும், அதற்கு முன் உயிர் போன அறையைக் கழுவி, படுக்கையைத் தூக்கி வெளியே போட வேண்டும் என்று அவர் ஆள் ஏவினார். ஒருவர் வாளியோடு அறைக்குள் நுழையப் போனார். கல்பகம் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கதவின் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"மாமா, இந்த ரூமை இப்பத் தொட வேணாம். ஒரு வேல இருக்குது."

தம்பி பெண்டாட்டிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ரகுநாதன் முடிவு கட்டிவிட்டார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. சத்தம் போடாமல், "சரிம்மா, ஆனா நேரம் ஆவுது" என்று மட்டும் சொன்னார்.

அவள் உமாசங்கரை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டாள். இருபத்து மூன்று வயது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் கெமிஸ்ட். இன்று மதிய ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருந்தான். அவன்தான் முதலில் பார்த்தவன். வந்ததிலிருந்து அவன் தன் கண்ணைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

"நீதான் திருகினியா?"

தலையாட்டினான். அப்புறம் விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். தமிழும் இங்கிலீஷுமாகக் கொட்டினான். பத்து மணிக்குக் காபி வேண்டுமா என்று கேட்க வந்தானாம். மெஷின் ஓடுகிறது, அப்பாவின் மார்பு அசையவில்லை. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. காற்றை அதிகமாக ஊதினால் உள்ளே போய்விடும் என்று நினைத்துத் திருகைப் பிடித்து உள்ளே திருகியிருக்கிறான். எத்தனை சுற்று என்று நினைவில்லை.

"ஐ வாஸ் அட் ஹோம், அம்மா. பேப்பர் படிச்சுட்டு ஹாலில உக்காந்திருந்தேன். கேட்டிருக்கணும் இல்ல?"

அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கேட்டிருக்க முடியாது, மெஷின் சத்தத்தில் எதுவுமே கேட்காது என்றாள். அவனுக்குச் சொன்ன அந்தச் சமாதானம் தனக்கு உதவவில்லையே என்றும் தோன்றியது. பிறகு அவனிடம் நேற்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. பிள்ளை மெஷினிடம் போனான். அட்டையை எடுத்து அவளுடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டான்.

வேதாசலம் நாச்சாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேரும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. நண்பனின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் முகம் கழுவிக்கொள்ளும் வரைதான் கல்பகம் பொறுத்தாள். அறைக்குள் கூட்டிப்போய் உடைந்த கோட்டைக் காட்டினாள். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"நக்கோ, வேணாம் அண்ணி. இது என்னாத்துக்கு இப்ப? தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? போன மனுசன் வருவாரா?"

"வரமாட்டாரு. எனக்குத் தெரியணும். நேத்து நான் பாக்காம பத்துன்னு சொன்னது என்னவா இருந்துதுன்னு தெரியணும். ஏழா இருந்தா ஏழுன்னு தெரிஞ்சுக்கிட்டு இருந்துடறேன். தெரியாம என்னால இருக்க முடியாது, வேதாசலம்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். ஹாலில் யாரோ சாம்பிராணி போட்டார்கள், அந்தப் புகை கதவிடுக்கில் உள்ளே வந்தது. கோடு உடைந்தாலும் அதன் இரண்டு பாதியும் இருக்கிறதே என்றாள் கல்பகம். ஒரு பாதி திருகில், ஒரு பாதி வளையத்தில். திருகைப் பின்னால் கொண்டுவந்து இரண்டையும் பொருத்திவிட்டால் நேற்று அவர் விட்ட இடம் வந்துவிடாதா?

"வரும்," என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "ஆனா எத்தினி சுத்து போயிருக்குன்னு தெரியணுமே. ஒரு சுத்துக்கு ஒருவாட்டி கோடு சேரும்."

உமாசங்கரை, திருகைத் தொடாமல் காற்றிலேயே மறுபடி திருகிக் காட்டச் சொன்னாள். யோசிக்காமல், காலையில் செய்த மாதிரியே. அவன் கட்டிலுக்கு அருகில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையைத் திருகுக்கு முன்னால் நீட்டினான். கை ஒருமுறை முழுதாகத் திரும்பியது, இன்னொரு முறை பாதி திரும்பி நின்றது. அதற்கு மேல் போகவில்லை, இறுகிவிட்டது, அப்போதுதான் விட்டேன் என்றான். வேதாசலம் திருகு கடைசிவரை உள்ளே இறுகியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று பின்னால் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு பாதிக் கோடும் நூல் பிசகாமல் சேர்ந்து நின்றன.

"ஹவ், ஆமா. இதுதான்," என்றார் மெதுவாக.

இனி யாராவது மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளங்கையால் மூடினால் போதும் என்றார் வேதாசலம். முகத்தில் வைத்துத்தான் அவர் அளவெடுத்தார், முகத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள் கல்பகம். வேதாசலத்தின் மீசை ஊருக்கே தெரிந்த மீசை. உமாசங்கர் தாடியே விட்டிருந்தான். முடி இருந்தால் ஓரத்தில் காற்று ஒழுகும். அதற்காகத்தான் பாலசுப்ரமணியன் முப்பது வருஷத்து மீசையை ஒரே நாளில் எடுத்தார். எடுத்துவிட்டு வந்து நின்றபோது கல்பகம் யாரோ என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். ஆக, மீதி இருந்தது அவள் ஒருத்திதான்.

குழாயைத் தானே பார்க்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து அவள் நினைத்திருந்தாள். இப்போது அது முடியாது. படுத்துக்கொண்டால் குழாய் தலைக்குப் பின்னால் போய்விடும். உமாசங்கர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு அவனைப் பற்றி நன்றாகத் தெரியும். அம்மா மனசு உடையக் கூடாது என்று பத்து என்று சொல்லிவிடுவான். பத்து என்று சொன்னால் எப்படி நம்புவது? வேறு எதையாவது சொன்னால் எப்படித் தாங்குவது?

"உமா, எனக்காக எதுவும் சொல்லாத. கிட்டப் போயிப் பாரு. கம்பெனில எப்படிப் பாப்பியோ அப்படிப் பாரு. என்ன இருக்குதோ அதச் சொல்லு."

"ஓகேம்மா."

கல்பகம் கணவரின் இடத்தில் மல்லாந்து படுத்தாள். தலையணையில் அவருடைய தேங்காயெண்ணெய் வாசனை. இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் அவள் படுத்ததே இல்லை. மாஸ்க்கை மூக்கில் பொருத்தி நாடாவைப் பின்னால் இழுத்தாள். அவருடைய தலை பெரிது, நாடா தொளதொளத்தது, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வேதாசலம் சுவிட்சைப் போட்டார்.

காற்று மூக்குக்குள் புகுந்தது. முதல் மூச்சை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, அதுவே உள்ளே வந்தது. வெளியே விடுவதுதான் பாடு. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்று வாய் வழியாக ஓடியது, மூடினால் காது அடைத்தது. இதையா அந்த மனுஷன் இரண்டு வருஷமாகத் தினமும் போட்டுக்கொண்டு தூங்கினார்? எப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே என்று அவளுக்குத் துக்கம் பொங்கியது. ஊரில் இருக்கும் எல்லாவற்றையும் கேட்பவள், இதைக் கேட்கவில்லை. அவரும் சொன்னதில்லை. மெல்ல மெல்ல மூச்சு அந்தக் காற்றோடு ஒத்துப்போக ஆரம்பித்தது. வேதாசலம் கிளிப்பைத் திறந்தார்.

உமாசங்கர் குழாய்க்கு ஒரு பக்கமாக நின்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். அவள் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நேரே பார்த்தாள்.

கால்மாட்டில் இரும்பு பீரோ. பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியில் தலைமாட்டுச் சுவர் முழுசாக விழுந்திருந்தது. குழாய் தெரிந்தது. குழாயில் சிவப்புத் தண்ணீர் மேலே ஏறி, லேசாக ஆடி, நின்றது. கறுப்பு டேப்பின் மேல் விளிம்பில் நின்றது. எண்களெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தன. ஆனால் டேப் எந்த எண் என்று அவளுக்குத் தெரியாதா?

பாலசுப்ரமணியனுக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது. பேப்பர் படிக்க, ஊசியில் நூல் கோர்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைக் குடும்பத்திலேயே முதலில் படிப்பது அவர்தான். இந்தப் படுக்கையில் இந்தத் தலையணையில் படுத்துக்கொண்டு அவரால் தானே பார்த்து, தானே திருகி, தானே நிறுத்தியிருக்க முடியும். முதல் வாரத்திலிருந்தே முடியும். அப்படியானால் இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் என்னை எதற்காகக் கூப்பிட்டார் என்று கல்பகம் யோசித்தாள்.

"பத்து," என்றான் உமாசங்கர். "ப்ராமிஸ், அம்மா. கரெக்டா பத்து. நீங்களே வந்து பாருங்க, நான் மாஸ்க்கை உள்ளங்கையால மூடிப் பிடிச்சுக்கறேன்."

வேதாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் அண்ணி, ஒரு பாயிண்ட்கூடக் குறையவில்லை, நேற்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹாலிலிருந்து ரகுநாதன் கதவைத் தட்டி, குளிப்பாட்ட ஆள் வந்தாயிற்று, வேட்டி எங்கே என்று கேட்டார். கல்பகம் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியிலேயே பார்வை இருந்தது. குழாய்க்கு ஒரு முழம் தள்ளி அறைக்கதவு தெரிந்தது.

அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள்.

"உமா, அந்தக் கதவைத் தொறந்துட்டு நடுவுல போயி நில்லு."

"எதுக்கும்மா?"

"நில்லேன். நேத்து நான் நின்ன மாதிரி, மூஞ்சிய ஹால் பக்கம் திருப்பிக்கோ."

ஒன்றும் புரியாமல் அவன் போய்த் தாழை நீக்கி, கதவைத் திறந்து, ஹாலைப் பார்த்துத் திரும்பி நின்றான். வேதாசலம் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றார். கல்பகம் மாஸ்க்கை மறுபடி மூக்கில் அழுத்திக்கொண்டாள். கண்ணாடியில், சிவப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில், பிடரியிலிருந்து குதிகால்வரை அவனுடைய முதுகு முழுவதும் தெரிந்தது.